அடுத்தடுத்த உள்ளாட்சிகள் ஒரே கணினி மையத்தை நடத்துவது எப்படி? ஜெர்மனியின் தென்வெஸ்ட்ஃபாலியாவை முன்வைத்து

கேள்வி இது: ஜெர்மனியில் சிறிய நகராட்சிகளும் ஊராட்சிகளும் தனித்தனியாகக் கணினித் துறை வைத்துக்கொள்ளாமல், பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரே தரவு மையம், ஒரே இணையச் சேவை, சில இடங்களில் ஒரே ஃபைபர் வலை என்று நடத்துகின்றன. இதன் சட்ட வடிவம் என்ன? செலவை எப்படிப் பிரிக்கிறார்கள்? ஓரிடத்தில் அடி விழுந்தால் எல்லா ஊரும் முடங்காதா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. ஆம், முடங்கும். முடங்கியும் இருக்கிறது.

தென்வெஸ்ட்ஃபாலியா என்பது வடக்கு ரைன்–வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் மலைப்பாங்கான தென்கிழக்குப் பகுதி. ஹோக்ஸவர்லாந்து, மெர்க்கிஷ், ஓல்பே, ஸீகன்–விட்கன்ஸ்டைன், ஸோஸ்ட் என ஐந்து மாவட்டங்கள், அவற்றுக்குள் 59 நகரங்களும் ஊர்களும், சுமார் 14 லட்சம் மக்கள். இந்த உள்ளாட்சிகளில் பெரும்பாலானவை தங்கள் கணினி வேலையை ‘ஸுட்வெஸ்ட்ஃபாலன் ஐ.டி.’ என்ற கூட்டமைப்பிடம் ஒப்படைத்திருந்தன. ஹேமரிலும் ஸீகனிலும் இருந்த இரண்டு பழைய கூட்டுக் கணினி மையங்கள் ஒன்றாகி உருவான அமைப்பு அது. இப்பகுதிக்கு வெளியே உள்ள சில ஊர்களையும் சேர்த்து உறுப்பினர்கள் 72.

2023 அக்டோபர் 29 ஞாயிறு இரவு கடந்து 30 திங்கள் விடியும் முன் ‘அகிரா’ என்ற பணப்பறிப்புக் குழுவின் மென்பொருள் அந்த மையத்தின் சர்வர்களைப் பூட்டத் தொடங்கியது. மையம் உடனே எல்லா ஊர்களுடனான இணைப்பையும் துண்டித்தது. அது சரியான முடிவு. ஆனால் திங்கள் காலை அலுவலகம் திறந்தபோது குடியிருப்புப் பதிவு, வாகனப் பதிவு, பிறப்பு–இறப்புப் பதிவு, சமூக உதவித்தொகை எதற்கும் கணினி வேலை செய்யவில்லை. தாக்கியவர்களுக்குப் பணம் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு மென்பொருளாகச் சோதித்து மீண்டும் எழுப்ப மாதங்கள் ஆயின.

உள்ளே நுழைந்த வழியை 2024 ஜனவரியில் வெளியான தடயவியல் அறிக்கை சொன்னது. வெளியிலிருந்து வேலை செய்வதற்கான வி.பி.என். (இணையம் வழியே உள்வலைக்குள் வரும் மறையாக்கிய இணைப்பு) வாசலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. அந்த வி.பி.என். கருவியில் ஒரு பாதுகாப்புக் குறையும் இருந்தது. அதன் வழியே கடவுச்சொல்லை அடித்து அடித்துப் பார்த்து நுழைந்திருக்கிறார்கள். உள்ளே வந்த பிறகு டொமைன் நிர்வாகியின், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள எல்லாக் கணினிகளையும் ஆளும் கணக்கின், கடவுச்சொல் விண்டோஸ் குழுக் கொள்கை (பல கணினிகளுக்கு ஒரே அமைப்பை அனுப்பும் வசதி) ஒன்றுக்குள், எளிதில் மறைநீக்கக்கூடிய வடிவில், 2014 முதல் அப்படியே கிடந்தது. அதன் பிறகு முழு டொமைனும் அவர்கள் கையில்.

இந்தக் கடவுச்சொல் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய விண்டோஸ் வலை வைத்திருக்கும் எந்த உள்ளாட்சியிலும் இது இன்றைக்கும் இருக்கக்கூடும். குழுக் கொள்கை விருப்பங்களில் கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதி முன்பு இருந்தது. சேமித்த கடவுச்சொல் டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் ‘சிஸ்வால்’ (SYSVOL) பகிர்வில் எக்ஸ்.எம்.எல். கோப்பாக உட்காரும். டொமைனில் உள்ள எந்தச் சாதாரணக் கணக்கும் அதைப் படிக்கலாம். மறையாக்கச் சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம் வந்த மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புத் திருத்தம் (பேட்ச்) புதிதாகச் சேமிப்பதை மட்டுமே தடுத்தது. முன்பே சேமித்ததை அது அழிக்காது. எனவே திருத்தம் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் சிஸ்வால் கோப்புறை முழுவதிலும் ‘சிபாஸ்வேர்ட்’ (cpassword) என்ற சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. கிடைத்தால் கோப்பை நீக்குவது மட்டும் போதாது, அந்தக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, சேராமல் தனித்தே இருந்திருக்கலாமே என்று தோன்றினால், அதே நாட்டின் இன்னொரு நிகழ்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸாக்ஸன்–அன்ஹால்ட் மாநிலத்தின் அன்ஹால்ட்–பிட்டர்ஃபெல்ட் மாவட்ட நிர்வாகம் தன் கணினிகளைத் தானே நடத்தியது. 2021 ஜூலை 6இல் அதுவும் இதேபோல் தாக்கப்பட்டது. மூன்று நாளில் பேரிடர் நிலை அறிவித்தார்கள். கணினித் தாக்குதலுக்காக ஜெர்மனியில் அப்படி அறிவித்தது அதுவே முதல் முறை. 2022 ஜனவரி இறுதிவரை அது நீடித்தது. தனியாக இருப்பது பாதுகாப்பு தராது. சேதத்தின் பரப்பை மட்டும் குறைக்கும். பதினைந்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரின் அலுவலகத்தில் கணினிக்கென்று இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பயன்பாட்டில் உள்ள தனித்தனி மென்பொருள்களின் எண்ணிக்கை நூறை நெருங்கும். திருத்தம் போடுவது, பதிவேடுகளைக் கண்காணிப்பது, காப்புப்படியைச் சோதிப்பது எல்லாவற்றையும் அந்த இரண்டு மூன்று பேர் செய்ய முடியாது. அதனால்தான் 1970களிலேயே கூட்டுக் கணினி மையங்கள் தொடங்கின. சேர வேண்டியது கட்டாயம் என்றே நான் சொல்வேன். எதைச் சேர்ப்பது, எதைத் தனியே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

எதைச் சேர்ப்பது, எதைப் பிரித்து வைப்பது

கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், வன்பொருள், மென்பொருள் உரிமம், இரவுக் கண்காணிப்பு, பாதுகாப்பு அதிகாரி, தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஒரு ஊருக்கு அரை ஆள் வேலைகூட இல்லாத இந்தப் பதவிகளில்தான் கூட்டின் பலன் உடனே தெரியும்.

நிர்வாக அதிகாரத்தைச் சேர்க்கக் கூடாது. எல்லா ஊரும் ஒரே டொமைனில், ஒரே நிர்வாகிக் கணக்கின் கீழ் இருந்தால் ஒரு கடவுச்சொல் எல்லா ஊரையும் திறக்கும். ஒவ்வோர் ஊருக்கும் தனி டொமைன் வேண்டும். மையத்தின் நிர்வாகிகள் தனி மேலாண்மைக் கணினி வழியாக மட்டுமே நுழைய வேண்டும். டொமைன் நிர்வாகிக் கணக்கு சாதாரணப் பணிக் கணினியில் ஒருபோதும் உள்நுழையக் கூடாது. ஊருக்கும் மையத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் தேவையான போர்ட்டுகள் (தகவல் போகும் வாசல்கள்) மட்டுமே திறந்திருக்க வேண்டும். நடைமுறையில் இங்கேதான் சறுக்குகிறது: ஏதோ ஒரு பழைய மென்பொருள் ஓடவில்லை என்று ‘தற்காலிகமாக’ எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள், அதை மூட யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் காலாவதித் தேதியும் பொறுப்பாளர் பெயரும் இல்லாமல் விதியே எழுதக் கூடாது.

காப்புப்படி இரண்டு இடத்தில் இருப்பது போதாது. அதில் ஒன்றாவது டொமைன் நிர்வாகியாலேயே அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். காந்த நாடாவில் எழுதி வெளியே எடுத்து வைப்பது இன்றும் மலிவான வழி. மீட்புச் சோதனை என்ற பெயரில் ஒரு கோப்பை மீட்டுக் காட்டுவார்கள். அதை ஏற்காதீர்கள். வெற்று வன்பொருளிலிருந்து டொமைன் கன்ட்ரோலர், தரவுத்தளம், குடியிருப்புப் பதிவு மென்பொருள் மூன்றையும் எழுப்பி, ஒரு பதிவைத் திறக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மணி நேரத்தை உறுப்பு ஊர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் நிலைமை புரியும், ஏனென்றால் 72 ஊரும் ஒரே நாளில் வரிசையில் நிற்கும். எந்த மென்பொருள் முதலில், எந்த ஊர் முதலில் என்ற வரிசையை அமைதியான காலத்திலேயே பொதுக்குழுவில் வாக்கெடுத்து முடிவு செய்ய வேண்டும். நெருக்கடி நாளில் 72 மேயர்களும் தொலைபேசியில் பேசி வரிசை அமைக்க முடியாது.

ஒவ்வோர் ஊரும் தன் கையில் வைத்திருக்க வேண்டியவையும் உண்டு. வேறொரு நிறுவனத்தில் தங்கியிருக்கும் எளிய அவசர இணையதளம். மையத்தைச் சாராத மின்னஞ்சல் முகவரிகள் பத்து. தொலைபேசியும் கணினி வலையிலேயே ஓடுவதால் சில கைப்பேசிகள். அச்சிட்ட படிவங்கள். அச்சிட்ட தொடர்புப் பட்டியல். சமூக உதவித்தொகைக்கு, மென்பொருள் இல்லாவிட்டால் முந்தைய மாதத்துப் பட்டியலின்படியே பணம் போடலாம் என்று வங்கியோடு முன்கூட்டிய ஏற்பாடு. கடவுச்சீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு: தக்க காரணம் இருந்தால் வேறோர் ஊரின் அலுவலகமும் விண்ணப்பத்தைக் கவனித்தாக வேண்டும், ஆனால் வழங்குவதற்கு விண்ணப்பதாரரின் சொந்த ஊர் அலுவலகம் அதிகாரம் அளிக்க வேண்டும். சொந்த ஊர் அலுவலகமே இருட்டில் இருந்தால் அந்த அதிகாரக் கடிதத்தை எந்த வடிவில், யார் கையெழுத்தில் தருவது என்பதைப் பக்கத்து ஊரோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஊர் அதே கணினி மையத்தின் உறுப்பினராக இருக்கக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத சிறிய ஊர்களுக்கு ஜெர்மன் கூட்டாட்சித் தகவல் பாதுகாப்பு அலுவலகம் உள்ளாட்சிகளுக்கென்றே அடிப்படைப் பாதுகாப்பு விவரக்குறிப்பும், அதற்கும் முன்படியாகச் சரிபார்ப்புக் கேள்விப் பட்டியல்களும் வெளியிட்டிருக்கிறது. கேள்விப் பட்டியலை முதலில் எடுங்கள். முழு விவரக்குறிப்பை நேரடியாகத் தொட்டவர்கள் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம்.

சட்ட வடிவம்

ஜெர்மனியில் 10,700க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் உள்ளன. அவற்றின் தன்னாட்சி அரசியலமைப்பின் 28ஆம் பிரிவில் உறுதி செய்யப்பட்டது. எனவே சேர்வது அவர்கள் விருப்பம், சேரும் விதம் மாநிலச் சட்டம். வடக்கு ரைன்–வெஸ்ட்ஃபாலியாவில் உள்ளாட்சிக் கூட்டுப்பணிச் சட்டம் சில வடிவங்களைத் தருகிறது.

பணிக்குழு என்பது பேசிக் கலந்துகொள்ள மட்டும், யாரையும் கட்டாது. பொதுச்சட்ட ஒப்பந்தம் இரண்டு வகை. ஒன்றில் ஓர் ஊர் தன் பணியையே இன்னோர் ஊரிடம் பொறுப்போடு ஒப்படைத்துவிடுகிறது. மற்றதில் பொறுப்பு பழைய இடத்திலேயே இருக்க, வேலையை மட்டும் பக்கத்து ஊர் செய்து தருகிறது. மூன்று ஊர் சேர்ந்து ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை வைத்துக்கொள்ள இந்த இரண்டாம் வகை போதும். ஆறு பக்க ஒப்பந்தத்தில் முடியும்.

பெரிய வேலைக்கு வருவது ‘ட்ஸ்வெக்ஃபெர்பாண்ட்’, அதாவது ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக உள்ளாட்சிகள் சேர்ந்து அமைக்கும் தனிச் சட்ட ஆளுமை கொண்ட கூட்டமைப்பு. அதற்குச் சொந்தப் பொதுக்குழு, தலைவர், வரவுசெலவுத் திட்டம், ஊழியர்கள் உண்டு. சொந்த வருமானம் போதாதபோது உறுப்பினர்களிடம் பங்குத்தொகை கேட்கும் உரிமையும் உண்டு. ஸுட்வெஸ்ட்ஃபாலன் ஐ.டி. இந்த வடிவம்தான். கூட்டு உள்ளாட்சி நிறுவனம் என்ற வடிவம் இதைவிட வேகமாக முடிவெடுக்கும், ஆனால் மன்ற உறுப்பினர்களின் பார்வையிலிருந்து சற்று விலகி நிற்கும். கணினி மையத்துக்கு நான் கூட்டமைப்பையே பரிந்துரைப்பேன், பங்குத்தொகை கேட்கும் உரிமைக்காக. நெருக்கடி ஆண்டில் மீட்புச் செலவை யார் தருவது என்ற சண்டை வராமல் இருக்க அது ஒன்றே உறுதியான வழி.

செலவைப் பிரிப்பது

கூட்டு உடைவது பெரும்பாலும் இங்கேதான். கற்பனைக் கணக்கு ஒன்று: 24,000, 9,000, 7,000 மக்கள் உள்ள மூன்று ஊர்கள், ஆண்டுச் செலவு 6,00,000 யூரோ. மக்கள்தொகைப்படி பிரித்தால் 3,60,000, 1,35,000, 1,05,000. பெரிய ஊர் உடனே கேட்கும்: சிறிய ஊருக்கும் அதே ஃபயர்வால், அதே குடியிருப்புப் பதிவு மென்பொருள், அதே நிறுவல் வேலை தானே, நாங்கள் ஏன் இவ்வளவு? கேள்வி நியாயம், ஏனென்றால் ஓர் ஊரைச் சேர்ப்பதற்கான அடிப்படைச் செலவு மக்கள்தொகையைப் பொறுத்ததல்ல. அதனால் 30 சதவீதத்தைச் சமமாகவும் மீதியை மக்கள்தொகைப்படியும் பிரிக்கலாம். சமப் பங்கு தலா 60,000. மீதி 4,20,000இல் 2,52,000, 94,500, 73,500. மொத்தம் 3,12,000, 1,54,500, 1,33,500. இப்போது சிறிய ஊரின் தலைக்குச் செலவு 19 யூரோ, பெரிய ஊருக்கு 13 யூரோ. சிறிய ஊர் மன்றத்தில் இதை விளக்க, தனியாக நடத்தினால் என்ன ஆகும் என்ற கணக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முழுவதும் பயன்பாட்டுப்படி, அதாவது பணிக் கணினி எண்ணிக்கைப்படி, பிரிப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஊர்கள் செலவைக் குறைக்கக் கணினிகளைக் கணக்கில் காட்டாமல் தனியே வாங்கி இணைக்கத் தொடங்கும். யாருக்கும் தெரியாத அந்தக் கணினிகளில் திருத்தம் போடப்படாது. பாதுகாப்பு வேலையை எந்தக் காரணத்துக்காகவும் தலைக்கணக்கில் விற்கக் கூடாது. அது சமப் பங்கில் வர வேண்டும். கூடுதல் மென்பொருளை மட்டும் பயன்படுத்துபவர் தரட்டும்.

வாக்குரிமையும் இதே சிக்கல்தான். மக்கள்தொகைப்படி வாக்கு என்றால் மேலே சொன்ன பெரிய ஊர் 60 சதவீதத்தோடு தனியாகவே எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஊருக்கு ஒரு வாக்கு என்றால் 16,000 பேர் 24,000 பேரின் பணத்தைச் செலவழிப்பார்கள். வரவுசெலவுத் திட்டம், பெரிய முதலீடு, புதிய உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றுக்கு இரட்டைப் பெரும்பான்மை, அதாவது ஊர்களிலும் பாதிக்கு மேல், மக்கள்தொகையிலும் பாதிக்கு மேல், என்று வைத்தால் இரண்டு பயமும் போகும்.

வரியும் டெண்டரும்

பக்கத்து ஊருக்கு வேலை செய்து காசு வாங்கினால் அது வியாபாரமா? ஜெர்மன் விற்பனை வரிச் சட்டத்தின் 2பி பிரிவு, அரசு அமைப்புகளும் சந்தையில் போட்டியாக நிற்கும் இடத்தில் வரி கட்ட வேண்டும் என்கிறது. கட்டாய அமலாக்கம் பலமுறை தள்ளிப்போய், இடைக்கால ஏற்பாடு 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. கணினி இயக்கம் தனியார் நிறுவனங்களும் தரும் சேவை என்பதால் 19 சதவீத வரி வரும் ஆபத்து உண்மையானது. ஆட்சிப் பணிக்காக வாங்கிய சேவையில் கட்டிய வரியை ஊர் திரும்பப் பெற முடியாது. எனவே அது வெறும் செலவேற்றம். 15 சதவீதம் மிச்சம் என்று காட்டிய திட்டம் இதில் கரைந்துபோகும். விலக்குக்கு நான்கு நிபந்தனைகள்: நீண்டகாலப் பொதுச்சட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும், பொது உள்கட்டமைப்பைக் காக்கவும் பொதுவான பணியைச் செய்யவும் அது உதவ வேண்டும், செலவு ஈடு மட்டுமே வாங்க வேண்டும், அந்தச் சேவையின் பெரும்பகுதி மற்ற அரசு அமைப்புகளுக்கே போக வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் ‘கட்டணம்’, ‘இலாபம்’ என்று எழுதாமல் செலவுக் கணக்கு முறையை விவரமாக எழுத வேண்டும். நிபந்தனைகள் நிறைவேறினாலும் வரி அலுவலகத்தையே பின்னர் கட்டுப்படுத்தும் முன்கூட்டிய பதிலை அதனிடம் பெற்ற பிறகே கையெழுத்திடுவது நல்லது.

டெண்டர் பக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/24 வழிகாட்டு ஆணையின் 12ஆம் பிரிவு வழி காட்டுகிறது. உறுப்பினர்கள் தங்கள் சொந்தத் துறைபோல் கட்டுப்படுத்தும், 80 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்கே வேலை செய்யும், தனியார் மூலதனம் இல்லாத அமைப்புக்கு டெண்டர் இல்லாமல் வேலை தரலாம். சம நிலையில் உள்ள ஊர்கள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பதற்கும் வழி உண்டு, ஆனால் அது உண்மையான ஒத்துழைப்பாக இருக்க வேண்டும். 2020 ஜூன் 4இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு கழிவுக் கூட்டமைப்பு தன் பக்கத்து மாவட்டத்துக்கு வேலையைக் கொடுத்துப் பணத்தை மட்டும் கட்டுவது ஒத்துழைப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு வாரம் முன், மே 28இல், பெர்லின் தன் தீயணைப்புக் கட்டுப்பாட்டு மைய மென்பொருளைக் கொலோன் நகருக்கு இலவசமாகத் தந்த வழக்கில், அப்படிப் பகிர்வது ஒத்துழைப்பாக இருக்கலாம், ஆனால் மூல மென்பொருளை எழுதிய தனியார் நிறுவனத்துக்கு அதனால் சலுகை கிடைக்கக் கூடாது என்றது. இதிலிருந்து எழும் நடைமுறை வேலை: மென்பொருளைப் பகிரும்போது மூல நிரலும் ஆவணங்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பராமரிப்பு டெண்டரில் வேறொரு நிறுவனம் வந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் அவை இருக்க வேண்டும். பணியையே முழுமையாகக் கூட்டமைப்புக்கு மாற்றிவிட்டால் அது கொள்முதலே அல்ல என்பது 2016 டிசம்பரில் ஹனோவர் பகுதி வழக்கில் தெளிவானது.

தரவுப் பாதுகாப்பில் ஒரே ஒரு கேள்வி: மையம் ஊரின் சார்பில் தரவைக் கையாள்கிறதா, ஊரோடு சேர்ந்து நோக்கத்தையும் முடிவு செய்கிறதா? முதலாவதுக்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 28ஆம் பிரிவு ஒப்பந்தம், இரண்டாவதுக்கு 26ஆம் பிரிவு. எதுவானாலும் ஓர் ஊரின் குடியிருப்புப் பதிவேட்டைப் பக்கத்து ஊர் அலுவலர் சட்ட அடிப்படை இல்லாமல் திறக்க முடியாதபடி மென்பொருளிலேயே பிரிப்பு இருக்க வேண்டும்.

இணையச் சேவைகள்: ஒருவர் செய்து எல்லோரும் எடுத்துக்கொள்வது

2017இல் வந்த இணைய அணுகல் சட்டம், 2022 இறுதிக்குள் நிர்வாகச் சேவைகளை இணையத்தில் தர வேண்டும் என்றது. நடைமுறைக்காக அவை 575 தொகுப்புகளாக வகுக்கப்பட்டன. அது நடக்கவில்லை. ஒரு மாநிலம் ஒரு சேவையை உருவாக்கி மற்றவை எடுத்துக்கொள்ளும் முறை சிந்தனையில் சரி. ஊரில் வந்து சேரும்போது கதை வேறு. மக்கள் இணையத்தில் நிரப்பிய விண்ணப்பம் ஊர் அலுவலகத்தின் மென்பொருளுக்குள் நேராகப் போய் உட்கார இடைமுகம் வேண்டும். அது இல்லாத இடத்தில் விண்ணப்பம் பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலில் வரும், அலுவலர் அதைப் பார்த்து மீண்டும் தட்டச்சுவார். வேலை கூடும், குறையாது. பக்கத்து ஊர்கள் சேர வேண்டிய இடம் இது: எல்லோரும் ஒரே துறை மென்பொருளுக்கு மாறி, இடைமுகத்தை ஒரு முறை மட்டும் வாங்குவது. குடியிருப்புப் பதிவுக்கும் கட்டட அனுமதிக்கும் நாடு தழுவிய தரவு வடிவத் தரநிலைகள் இருக்கின்றன. எனவே டெண்டரில் ‘திறந்த இடைமுகம்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தரநிலை, எந்தப் பதிப்பு, பதிப்பு மாறும்போது எத்தனை மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும் என்று எழுத வேண்டும்.

தென்வெஸ்ட்ஃபாலியாவிலேயே இதற்கொரு நல்ல முறை உண்டு. 2019இல் கூட்டாட்சி அரசின் ‘ஸ்மார்ட் சிட்டி’ மாதிரித் திட்டத்துக்கு ஆர்ன்ஸ்பெர்க், பாட் பெர்லெபுர்க், மெண்டன், ஓல்பே, ஸோஸ்ட் என ஐந்து ஊர்கள் ஒன்றாகத் தேர்வாயின. முதலில் இந்த ஐந்தும் செய்து பார்ப்பது, பிறகு பகுதியின் மற்ற ஊர்களுக்குக் கொடுப்பது என்பது ஏற்பாடு. அளவில் சிறிய ஊரும் நடுத்தர நகரமும் முன்னோடிகளில் கலந்திருப்பது முக்கியம். பெரிய நகரத்துக்காகச் செய்ததைச் சிறிய ஊர் அப்படியே எடுத்து நடத்த ஆள் இருக்காது. இந்த வகைத் திட்டங்களில் உதவிப்பணம் நிற்கும் நாள்தான் உண்மையான சோதனை. முதலாண்டிலேயே ஒவ்வொரு சேவைக்கும் பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு, யார் வரவுசெலவில் வரும் என்று எழுதாவிட்டால், ஐந்தாண்டு முடிந்ததும் செயலி இருக்கும், உள்ளே செய்தி போட ஆள் இருக்காது.

ஃபைபர் வலை

சந்தை நிறுவனங்கள் போகாத ஊர்களில் உள்ளாட்சிகள் சேர்ந்து குழாயும் ஃபைபரும் பதித்து, அந்த வலையை இயக்கும் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடும் முறை ஜெர்மனியில் பரவலானது. பாடன்–வுர்ட்டெம்பெர்கின் ஷ்வார்ட்ஸ்வால்ட்–பார் மாவட்டத்தில் மாவட்டமும் அதன் ஊர்களும் சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. தனி ஊருக்குக் குத்தகைக்காரர் வரமாட்டார். இருபது ஊர் சேர்ந்தால் வருவார். எல்லைக்கு அருகே உள்ள பண்ணை வீடுகளுக்கு அடுத்த ஊரின் கிளைப் பெட்டியிலிருந்தே இழுப்பதால் அகழித் தூரமும் குறையும்.

தவறுவது பெரும்பாலும் வரைபடத்தில். ஒவ்வோர் ஊரும் வேறு வேறு பொறியாளரைக் கொண்டு பதித்து, வேறு வேறு குழாய் நிற முறையில் பதிவு செய்திருக்கும். பழைய வரைபடம் காஸ்–க்ரூகர் என்ற பழைய ஆயத்தொலைவு முறையில், புதியது இ.டி.ஆர்.எஸ். 89 என்ற ஐரோப்பிய முறையில் இருக்கும். சரியான மாற்று முறை இல்லாமல் ஏற்றினால் குழாய் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டும், எல்லையில் இரண்டு ஊர்க் குழாய்களும் சந்திக்காது. குழியை மூடும் முன் அளந்து, புகைப்படம் எடுத்து, கூட்டமைப்பின் ஒரே தரவு மாதிரியில் ஏற்றிய பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இழைகளில் கஞ்சம் வேண்டாம். கூட்டாட்சி உதவித் திட்டத்தின் பொருள் விதிகள் வீட்டுக்கு நான்கு இழையும் கட்டடத்துக்கு மேலும் இரண்டும் கேட்கின்றன. இழையின் விலை அகழியின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

விலகுதல்

சேரும் நாளிலேயே விலகும் விதியை எழுத வேண்டும், அப்போதுதான் யாரும் கோபத்தில் இல்லை. முன்னறிவிப்பு இரண்டு ஆண்டு, ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வரும் என்பது ஏற்கத்தக்க அளவு. விலகும் ஊருக்காக வாங்கிய வன்பொருளின் மீதித் தேய்மானம், அதற்காக எடுத்த ஊழியர்கள், நிரந்தர அலுவலர்களின் ஓய்வூதியப் பொறுப்பு மூன்றையும் சூத்திரமாக எழுதுங்கள். ‘பேசித் தீர்க்கப்படும்’ என்ற வரி நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோகும். தரவைத் திருப்பித் தருவதில் வடிவம், காலக்கெடு, விலை மூன்றும் வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் சொந்த வடிவில் தந்தால் அது பயன்படாத கோப்பு. முதலாண்டு முடிவதற்குள் ஓர் ஊரின் குடியிருப்புப் பதிவேடு முழுவதையும் தரநிலை வடிவில் வெளியே எடுத்து, வேறொரு சோதனை நிறுவலில் ஏற்றிப் பாருங்கள். பதிவுகளின் எண்ணிக்கையும், பெயர்களில் உள்ள ä, ö, ü போன்ற உம்லாட் எழுத்துகளும், பழைய முகவரி வரலாறும் சரியாக வந்தால்தான் அந்த விதி நடைமுறையில் செல்லும். அதே கோப்பை மறையாக்கி ஊரின் பெட்டகத்தில் வைத்து மாதம் ஒரு முறை புதுப்பித்தால், மையம் இருட்டில் விழும் நாளிலும் யார் எங்கே குடியிருக்கிறார் என்று பார்க்க அலுவலரிடம் ஒரு வழி இருக்கும்.